காரைச் சேலுக்குக் கொடுப்பதா, நாமே விற்பதா? ஒரு கிளிநொச்சித் தம்பிக்கு எழுதிய பதில்

கேள்வி இதுதான். கிளிநொச்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், தன்னுடைய 2015ஆம் ஆண்டு சுசுகி வாகன் ஆரை விற்றுவிட்டு, கடைக்குச் சாமான் ஏற்ற ஒரு பட்டா (சின்ன லொறி) எடுக்கப் போகிறார். வவுனியாவில் பழைய வாகனம் வாங்கி விற்கும் ஒரு கார் சேலில் அவருக்குச் சொன்ன விலை, இணைய விளம்பரங்களில் இருக்கும் விலையைவிட ஐந்து இலட்சம் குறைவு. ஊரில் ஒரு தரகர் அதைவிடக் கூடத் தருகிறேன் என்கிறார், ஆனால் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் கையெழுத்து வைத்த படிவத்தையும் தந்துவிட வேண்டுமாம், பெயரைப் பிறகு வாங்குகிற ஆள் மாற்றிக்கொள்வாராம். காரில் இன்னும் கொஞ்சம் லீசிங் கடன் கட்ட இருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, தரகரின் கதையை முதலில் முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் விலைப் பேச்சு, கூடினாலும் குறைந்தாலும் ஒரு நாள் மறந்துவிடும். இது அப்படி இல்லை. அவர் கேட்பது ஓப்பன் பேப்பர். கொடுக்க வேண்டாம், சேல்காரனைவிட ஐந்து இலட்சம் கூடத் தந்தாலும் வேண்டாம்.

ஓப்பன் பேப்பர் என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடைமை மாற்றப் படிவத்தில் விற்பவருக்கான இடத்தில் நீங்கள் கையெழுத்து வைக்கிறீர்கள், திகதியும் இல்லை, வாங்குபவர் பெயரும் இல்லை. தரகர் அதை ஒருவருக்குக் கொடுக்கிறார், அவர் ஆறு மாதம் ஓடிவிட்டு இன்னொருவருக்குத் தள்ளுகிறார், அந்த ஆள் அனுராதபுரத்தில் யாருக்கோ விற்கிறார். கார் நாலு கை மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணக்கில் அது இன்னமும் உங்கள் கார்தான். தரகர்மார் இதை விரும்புவதற்குக் காரணம் எளிது. ஒவ்வொரு முறையும் பெயர் மாற்றினால் கட்டணம், அலைச்சல், புத்தகத்தில் இன்னொரு உரிமையாளர் என்று ஏறிக்கொண்டே போகும், விலையும் இறங்கும். அவர்கள் மிச்சம் பிடிக்கும் காசுக்கு நீங்கள் பொறுப்பாளி.

வன்னியில் இதற்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது. களவாக மணல் ஏற்றுவதும், முதிரை, பாலை மரம் கடத்துவதும், கேரளக் கஞ்சா கைமாறுவதும் இங்கே பத்திரிகையில் கிழமைக்கு ஒரு செய்தி. வாகனம் பிடிபட்டு ஓடியவன் ஓடிவிட்டால் பொலிஸ் முதலில் பார்ப்பது இலக்கத் தகட்டை, அதிலிருந்து பெயரை, பெயரிலிருந்து விலாசத்தை. வாகன் ஆரில் மணல் ஏற்ற முடியாதுதான், ஆனால் கஞ்சாப் பொதிக்கு அது தாராளம். நீங்கள் விற்றுவிட்டேன் என்று சொல்லலாம், யாருக்கு என்று கேட்பார்கள், தரகரின் போன் நம்பர் அன்றைக்கு வேலை செய்யாது. குற்றவாளி ஆக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் கடையைப் பூட்டிவிட்டு விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிற நாட்களுக்கு யார் கணக்குப் பார்ப்பது? ஆளை அடித்துவிட்டு நிற்காமல் போனாலும் இதே பாதைதான்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாகனப் பதிவை வைத்துக் கியூஆர் கோட் வந்தபோது இந்த வியாதி வெளியே தெரிந்தது. வாகனத்தை ஓடுபவர் ஒருவர், பதிவில் இருப்பவர் இன்னொருவர், அந்தப் பதிவுக்காரர் எங்கே என்றே தெரியாது, அல்லது அவர் ஏற்கெனவே தன் பெயரில் கோட் எடுத்து வைத்திருக்கிறார். பரந்தன் சந்தியிலும் மாங்குளத்திலும் வரிசையில் நின்றவர்களுக்கு அது நல்ல ஞாபகம் இருக்கும். 2023 செப்டம்பரில் கோட் நிறுத்தப்பட்டதும் ஆக்கள் மறந்துபோய்ப் பழையபடி ஓப்பன் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்கள்.

சரி, இனி அந்த ஐந்து இலட்சம்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. இக்மன், ரியசெவன போன்ற விளம்பரத் தளங்களில் போட்டிருக்கும் தொகையைத்தான் எல்லோரும் பார்க்கிறோம், கடைசியில் கை மாறிய தொகை யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அதே வருடம், அதே மொடல், அதே அளவு ஓட்டம் உள்ள பத்து விளம்பரங்களைக் குறித்து வையுங்கள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். காணாமல் போனவை பெரும்பாலும் விற்றுப்போனவை, இன்னும் நிற்பவை விலை கூடினவை. காணாமல் போனவற்றின் விலையில் இருந்தும் பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்திருப்பார்கள் என்று வையுங்கள், அதுதான் உங்கள் காரின் உண்மையான விலைக்குக் கிட்டவாக வரும். இதைச் செய்துவிட்டு மறுபடி கணக்குப் பார்த்தால் உங்கள் ஐந்து இலட்சம் இரண்டரையோ மூன்றோ ஆகிவிடலாம். கொழும்பு, குருநாகல் விளம்பர விலையைக் கிளிநொச்சி விலையாக எடுக்கவும் வேண்டாம், அங்கே ஒரு காருக்கு வாங்க வரும் ஆட்களின் தொகை வேறு.

மிச்ச வித்தியாசம் சேல்காரரின் கூலி. அவர் காரை எடுத்தால் டிங்கர் பெயின்ட் பார்க்க வேண்டும், ரயர் மாற்ற வேண்டி வரலாம், விற்கும்வரை காசு முடங்கும், அதற்கு வட்டி, வெயிலில் நிற்கிற காரை ஒவ்வொரு நாளும் துடைக்க ஒரு பெடியன். அதோடு இப்போது விலை எந்தப் பக்கம் போகும் என்ற பயமும் அவருக்கு உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார் எல்லாம் பொன்னாகிப்போனது, வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்ததும் பழைய கார் விலை விழுந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரிக்கு மேல் வரி இருப்பதால் புதிதாக வருவது சாதாரண ஆளுக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது, அதனால் உங்களுடையதைப் போன்ற சின்னக் கார்களுக்குத் தேவை குறையவில்லை. ஆனாலும் வரியில் சின்ன மாற்றம் வந்தாலே சந்தை ஆடும். சேல்காரர் அந்த ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் குறைத்துக் கேட்கிறார். அதில் பிழை சொல்ல முடியாது.

அப்புறம், சேலுக்குக் கொடுப்பது என்றால் மூன்று விதம் இருக்கிறது, அவர் எதைச் சொல்கிறார் என்று தெளிவாகக் கேளுங்கள். காசு தந்து காரை எடுப்பது ஒன்று. காரை அங்கே விட்டுவைத்து, விற்றால் காசு என்பது இன்னொன்று. மூன்றாவது, அவரிடம் நிற்கும் வாகனத்துக்கு மாற்றி, மேலே காசு போட்டு எடுப்பது. உங்களுக்குப் பட்டா வேண்டும் என்று தெரிந்தால் அவர் மூன்றாவதுக்குத்தான் இழுப்பார், அதில் கவனம். கார் விலையையும் பட்டா விலையையும் தனித்தனியாகப் பேசி முடியுங்கள், ‘மேலே இவ்வளவு போட்டால் போதும்’ என்ற ஒற்றைத் தொகைக்குள் போனால் எதில் எவ்வளவு விட்டீர்கள் என்றே தெரியாது.

விட்டுவைக்கும் முறை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கார் உங்கள் பெயரில், ஆனால் சாவி அவரிடம். யார் ஓடிப் பார்க்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. விடத்தான் வேண்டும் என்றால் மீற்றர் எத்தனையில் நிற்கிறது என்று படம் எடுத்து, உங்கள் கைக்கு வரவேண்டிய குறைந்த தொகை, எத்தனை நாள், அதற்கு மேல் விற்றால் மிச்சம் யாருக்கு என்பதை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புத்தகத்தின் பிரதியைக் கொடுக்கலாம், மூலத்தைக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் காசோடு வரும் நாளில் நீங்களே மூலத்தைக் கொண்டுபோகலாம், கிளிநொச்சியில் இருந்து வவுனியா என்ன, ஏ9இல் நேராக விட்டால் ஒன்றரை மணித்தியாலம்.

லீசிங் விசயம். காரை யாருக்கு விற்றாலும் முதலில் இது. லீசிங் கம்பனிக்குப் போய், இன்றைய திகதிக்கு முழுவதும் கட்டி முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மிச்சத் தவணைகளைக் கூட்டினால் வரும் தொகை அல்ல அது, முன்கூட்டி முடிப்பதால் வட்டியில் ஒரு பகுதி கழிய வேண்டும், ஆனால் வேறு கட்டணங்கள் சேரலாம், ஆகவே வாய்க்கணக்கை நம்பாதீர்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கிறதல்லவா, அது நீங்கும்வரை உங்களால் யாருக்கும் சுத்தமாக எழுதிக் கொடுக்க முடியாது. கையில் காசு இருந்தால் கட்டி முடித்து, விடுவிப்புக் கடிதத்தை எடுத்து, பெயரையும் நீக்கிவிட்டு விளம்பரம் போடுங்கள். ‘லீசிங் இல்லை’ என்ற இரண்டு சொல்லுக்கு இங்கே நல்ல மதிப்பு. காசு இல்லை என்றால், வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு கம்பனிக்குப் போய், அவர் தரும் காசில் கம்பனிக்குப் போகவேண்டியது நேரே அங்கேயும் மிச்சம் உங்கள் கணக்குக்கும் போகும்படி செய்யலாம். வாங்குபவரிடம் முற்பணம் வாங்கி, அதை வேறு செலவுக்கு எடுத்துவிட்டு, பிறகு லீசிங் கட்டக் காசில்லாமல் நிற்கும் கதைகளை ஏ9 முழுக்கக் கேட்கலாம். போர் முடிந்த கையோடு லீசிங் கம்பனிகள் வரிசையாக வந்து இறங்கிய ஊர் இது, தவணை பிந்திய வாகனத்தை வீட்டு வாசலில் வந்து தூக்கிப்போவதைப் பார்க்காத ஆள் குறைவு. அதனால் லீசிங் உள்ள கார் என்றாலே வாங்குபவர் இரண்டு தரம் யோசிப்பார், அவரைக் குறை சொல்லாதீர்கள்.

வாங்குபவரே லீசிங் போட்டு எடுப்பதும் நடக்கும், அரச உத்தியோகத்தர், ஆசிரியர்மார் அப்படித்தான் வருவார்கள். அப்போது கம்பனி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும், அவர் போடும் மதிப்பைப் பொறுத்துத்தான் கடன். நீங்கள் பேசிய விலைக்கும் கடனுக்கும் இடையில் உள்ளதை வாங்குபவர் கையால் தரவேண்டும். கம்பனி தரும் பகுதி எவ்வளவு, எந்த நாளில், யாருடைய பெயருக்கு என்று கம்பனியின் கடிதம் வராமல் மூலப் புத்தகத்தை நீட்ட வேண்டாம்.

இனி நீங்களே விற்பது. என்னுடைய எண்ணம் இதுதான், ஆனால் இரண்டு மாதம் பொறுக்க முடியுமா என்பதைப் பொறுத்தது.

எந்த நேரத்தில் விற்கிறீர்கள் என்பது வன்னியில் பெரிய விசயம். காலபோக நெல்லை வெட்டி விற்று மாசி, பங்குனியில் கையில் காசு புரளும்போது மோட்டார் சைக்கிளில் இருந்து உழவு இயந்திரம் வரை எல்லாம் ஓடும். நெல் விலை விழுந்த வருடம் என்றால் அதே மாதத்தில் எல்லோரும் விற்க வருவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஆடி, ஆவணி, வெளிநாட்டில் இருந்து ஆக்கள் வந்திறங்கும் காலம். ‘அண்ணா காசு தாறார், ஒரு கார் எடுத்து விடச் சொல்கிறார்’ என்று வருபவர்கள் அப்போதுதான் கூட, அண்ணா திரும்பிப் போவதற்குள் எடுக்க வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருக்கும், உங்களுக்கு இருக்காது. சில குடும்பங்கள் ஆடியில் வாகனம் எடுக்கமாட்டார்கள், மார்கழியிலும் அப்படி, ஆகவே ஆடியில் வந்து பார்த்துப் பேசிவிட்டு ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். முற்பணம் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம், அதில் ஒன்றும் நட்டமில்லை.

காரைத் தயார்ப்படுத்தவென்று காசைக் கொட்டாதீர்கள். எரியாத பல்ப், கத்தும் வைப்பர், தேய்ந்த பிரேக் பாட், செத்துக்கொண்டிருக்கும் பற்றரி, இவற்றை மாற்றுங்கள். உள்ளே நன்றாகக் கழுவி உலர விடுங்கள். புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள், புதுப் பெயின்டைக் கண்டதும் ‘எங்கே அடிபட்டது’ என்றுதான் கேட்பார்கள். எஞ்சினை ஸ்டீம் அடித்துப் பளபளவென்று வைக்கவும் வேண்டாம், எண்ணெய்க் கசிவை மறைத்திருக்கிறான் என்று நினைப்பார்கள். புது ரயரும் தேவையில்லை, போட்ட காசில் பாதிகூடத் திரும்ப வராது.

படம் எடுக்கும்போது காலை வெயிலில், இலக்கத் தகடு தெரியாமல் மறைத்து, நாலு பக்கமும், உள்ளே, மீற்றர், ரயர், பொனெட்டைத் திறந்து எஞ்சின். கீறல் இருந்தால் அதையும் எடுத்துப் போடுங்கள். தூரத்தில் இருந்து வருபவர் கீறலை நேரில் கண்டு முகம் சுளிப்பதைவிட, தெரிந்துகொண்டு வருவது உங்களுக்கும் நேர மிச்சம். விளம்பரத்தில் வருடம், எத்தனையாவது உரிமையாளர், ஓட்டம், லீசிங் நிலை, எங்கே பார்க்கலாம், அவ்வளவு போதும். ‘அவசர விற்பனை’ என்று மட்டும் போடாதீர்கள், அதைப் பார்த்தவுடன் ஒரு இலட்சம் குறைத்துத்தான் பேச்சையே தொடங்குவார்கள். முகநூல் குழுக்களிலும் ஊர் வட்ஸ்அப்பிலும் போடுங்கள், கராஜ்காரரிடமும் சொல்லி வையுங்கள். இங்கே பாதி வியாபாரம் ‘இன்னாருடைய கார் விலைக்கு நிற்குதாம்’ என்ற வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. நல்லவர் ஓட்டிய கார் என்று ஊர் சொன்னால் அது எந்த விளம்பரத்தையும்விட மேல்.

பார்க்க வருபவர் தனியே வரமாட்டார். மாமா ஒருவர், ஒரு மெக்கானிக், சில நேரம் மெக்கானிக்கின் உதவிப் பெடியனும். மாமாவுக்கு விலை பேசுகிற வேலை. மெக்கானிக்தான் உங்கள் உண்மையான வாடிக்கையாளர், அவர் தலையாட்டினால் விற்ற மாதிரி. தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் ஆக்கி மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களை ஓடவிட்ட மெக்கானிக்மார் இன்னும் இருக்கிறார்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்வார்கள், அவர்களிடம் கதை விட முடியாது. அப்படி ஒருவர் வந்தால் முதலில் பொனெட்டில் கையை வைப்பார். சூடாக இருந்தால் நீங்கள் முதலே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறீர்கள், குளிரில் எடுக்கும்போது ஏதோ சத்தம் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஆறவிட்டு வையுங்கள். எண்ணெய் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்ப்பார், பால் நிறத்தில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று. றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் விட்ட உப்புப் படிவு இருக்கிறதா என்றும் பார்ப்பார். பொனெட்டைப் பிடிக்கும் ஆணிகளில் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றிப் பூட்டியது அவருக்குத் தெரிந்துவிடும். கியரை முன்னுக்குப் போகும் ‘டி’க்கும் பின்னுக்குப் போகும் ‘ஆர்’க்கும் மாற்றி மாற்றிப் போட்டு இழுவையைக் கவனிப்பார், கியர் எண்ணெய் மாற்றிய பில் உங்களிடம் இருந்தால் அந்த இடத்தில் நீட்டுங்கள். பிறகு டிக்கியைத் திறந்து அடித்தட்டைத் தூக்கி, அதன் கீழுள்ள குழிக்குள் விரலை விட்டுத் தடவுவார். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள் நின்றதை யாரும் மறக்கவில்லை, 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்த பிறகு நாடு முழுக்க இதே கேள்விதான். கார் வெள்ளத்தில் நிற்கவில்லை என்றால் நீங்களே முந்திச் சொல்லி, குழியையும் திறந்து காட்டுங்கள். நின்றிருந்தால் அதையும் சொல்லிவிட்டு விலையைக் குறையுங்கள், இந்த ஊரில் வாங்கியவரை நாளைக்கு வற்றாப்பளைப் பொங்கலில் சந்திப்பீர்கள்.

ஓடிப் பார்க்கும்போது சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள், நீங்களும் கூட ஏறுங்கள். ஏ9இல் கொஞ்சத் தூரம், பிறகு ஏதாவது கிரவல் றோட்டில் கொஞ்சம். கிரவலில்தான் புஷ், போல் ஜொயின்ட், ஷொக் அப்சோபர் எல்லாம் வாய் திறக்கும். உள்ளூர்க் கார் என்றால் அவற்றில் கொஞ்சம் தேய்வு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கான செலவை ஒரு கராஜில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மாமா ‘இதற்கே ஒரு இலட்சம் போகும்’ என்னும்போது உங்களிடம் ஒரு தொகை இருக்கும்.

பேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கடை நடத்துபவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது. போனில் விலையைக் குறைக்காதீர்கள், காரைப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

காசு கை மாறும் நாள். வங்கி நாளில், காலையில் வையுங்கள். வாங்குபவருடைய வங்கிக்கே போய், அவர் கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்கு மாற்றி, விழுந்ததை நீங்கள் உங்கள் போனில் பார்த்த பிறகு சாவி. மாற்றிய ரசீதின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது காசு அல்ல. காசோலை வேண்டாம். கட்டுக்கட்டாகக் காசுதான் தருவேன் என்றால் வங்கிக் கவுண்டரிலேயே எண்ணி உங்கள் கணக்கில் வைப்பிலிடுங்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை வீட்டு மேசையில் வைத்து எண்ணுவது நல்ல யோசனை இல்லை. நல்ல நேரம் பார்த்து வருவார்கள், ராகு காலத்துக்கு முன் சாவி வேண்டும் என்பார்கள், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகவேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். பிள்ளையார் காத்திருப்பார். காசு விழட்டும்.

அன்றைக்கே ஒரு விற்பனைக் கடிதம் இரண்டு பிரதி எழுதுங்கள். இருவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், காரின் இலக்கம், எஞ்சின், செசி இலக்கங்கள், விலை, மீற்றர், திகதி, அதோடு கட்டாயம் நேரம். காலை 10.40க்கு ஒப்படைத்தேன் என்று எழுதியிருந்தால் மத்தியானம் மாங்குளத்தில் நடந்த விபத்து உங்களுடையது அல்ல. இரண்டு சாட்சி. வாங்குபவரின் அடையாள அட்டைக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் படம் எடுத்து வையுங்கள். உடைமை மாற்றப் படிவத்தில் வாங்குபவரின் விபரமும் திகதியும் எழுதப்பட்ட பிறகுதான் உங்கள் கையெழுத்து, படிவம் சிங்களத்தில் இருந்தால் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு. நிரப்பிய எல்லாவற்றுக்கும் பிரதி. வாகனத்தை விற்றுவிட்டதாகத் திணைக்களத்துக்கு நீங்களும் அறிவியுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பினால் அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

பெயர் மாற்றத்தின்போது வாகன வருமான உத்தரவுப்பத்திரம், புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் ஆகியவற்றைக் கேட்கக்கூடும் என்பதால் ஒன்றும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து கார்களின் உடைமை மாற்றத்துக்கு வரி இலக்கமும் கேட்கிறார்கள், வாங்குபவரிடம் அது இருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள், கடைசி நாளில் அதற்காக இழுபட வேண்டாம். கச்சேரியில் இருக்கும் மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் எந்த வேலை முடியும், எதற்குக் கொழும்பில் நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத்துக்குப் போகவேண்டும் என்றும் ஒருநாள் கேட்டு வையுங்கள். கட்டணத்தை வாங்குபவர் கட்டுவதுதான் வழக்கம், ஆனால் ‘நீங்கள் கட்டுங்கள், நான் பிறகு மாற்றுகிறேன்’ என்று ஒருவர் இழுத்தால், அந்தக் காசை நீங்களே போட்டாவது மாற்றிவிடுங்கள், அது உங்களுக்கான செலவு. பெயர் மாறியதும் இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சொல்லி, கோரிக்கை இல்லாத வருடங்களுக்கான கழிவை உங்கள் பட்டாவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

உங்கள் கார் உங்கள் பெயரில் என்பதால் வேலை சுலபம். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். கார் லண்டனில் இருக்கும் தம்பியின் பெயரில் என்றால் அங்குள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயம் ஊடாக அற்றோணித் தத்துவம் (அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) வரவேண்டும், அது இல்லாமல் அவருடைய கையெழுத்தை இங்கிருந்து ஒருவர் போடுவது குற்றம். இறந்த தகப்பனின் பெயரில் என்றால் உரித்தாளிகள் எல்லோரின் சம்மதமும் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயரில் வாகனம் நிற்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன, 2016இல் சட்டம் திருத்தி ஆள் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க வழி செய்தார்கள். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், தரகரிடம் அல்ல.

கடைசியாக உங்களுக்கு என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், முதலில் லீசிங் கணக்கை எடுங்கள். பிறகு விளம்பரங்களைப் பார்த்துச் சொந்த மதிப்பு ஒன்றைப் போடுங்கள். அது சேல்காரர் சொன்னதைவிட ஒன்றரை, இரண்டு இலட்சத்துக்குள் நின்றால், கடையை விட்டுவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் மாமாமாருக்குத் தேத்தண்ணி ஊற்றத் தேவையில்லை, சேலுக்கே கொடுங்கள், ஆனால் அவர் பெயருக்கோ அவருடைய வாடிக்கையாளர் பெயருக்கோ அன்றைக்கே எழுதி, சேல்காரரும் ஓப்பன் பேப்பர் கேட்டால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் இரண்டு மாதம் நீங்களே முயன்று பாருங்கள். சேல்காரரின் விலை எங்கும் ஓடிவிடாது, மிஞ்சினால் கொஞ்சம் குறையும்.

பட்டா எடுக்கப் போகும்போது உங்களுக்கு நீட்டும் படிவத்தில் விற்பவர் கையெழுத்துக்கு எதிரே திகதி இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் உள்ள பெயருக்குரிய ஆள் முன்னால் நிற்கவில்லை என்றால் முற்பணம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். சாமான் ஏற்றி ஓடிய வண்டி என்பதால் செசியில் வெல்டிங் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள், முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றிய வண்டி என்றால் தட்டின் மூலைகளைச் சுரண்டிப் பாருங்கள். போகும்போது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், மாமாவும் வரட்டும்.